12 லிட்டர் பவளத்தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக நன்னீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். செடிகள் அடர்ந்த தொட்டியைப் பராமரித்த பழக்கமும் உண்டு. இப்போது முதன்முறையாக, மேசைமேல் வைக்கக்கூடிய ஒரு சிறிய கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க முயல்கிறேன். தொட்டி 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் கொண்டது. கணக்குப்படி 12 லிட்டர் என்றாலும், பாறையும் மணலும் போக நீர் 9 லிட்டர்தான் இருக்கும்.

உலர் பாறை ஒன்றரைக் கிலோவும், இரண்டு செ.மீ. உயரத்துக்கு அரகோனைட் மணலும் இட்டு, ஆர்ஓ நீரில் உப்புக் கலந்து நிரப்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. பாட்டிலில் வரும் பாக்டீரியாவும் சேர்த்தேன். நேற்றைய சோதனையில் அம்மோனியா இல்லை, நைட்ரைட் இலேசாகத் தெரிகிறது, நைட்ரேட் 10 பிபிஎம். தொட்டியின் பின்பக்கம் தொங்கும் சிறிய ஃபில்டரும் 25 வாட் ஹீட்டரும் ஓடுகின்றன.

என் குழப்பம் விளக்கைப் பற்றியது. நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய 30 வாட் எல்இடி விளக்கு ஒன்றை வாங்கி, நீர்மட்டத்திலிருந்து 10 செ.மீ. உயரத்தில் பொருத்தியிருக்கிறேன். இரண்டு வண்ணங்களும் முழு அளவில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிகின்றன. பவளத்துக்கு நன்னீர்ச் செடிகளைவிடப் பல மடங்கு வெளிச்சம் தேவை என்று படித்ததால், இது போதாதோ, இன்னொரு விளக்கு சேர்க்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. முதலில், கடினக் கூடு கட்டாத மென்வகைகளான காளான் பவளமும் ஜோவாந்தஸும் வைக்க எண்ணம். எத்தனை வாட் வேண்டும், எத்தனை மணி நேரம் எரிய வேண்டும், நீலம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். பிறகு ஒரே ஒரு கோமாளி மீன் விடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

முதல் மறுமொழி

இரண்டாவது விளக்கு வேண்டாம். இருக்கும் விளக்கே உங்கள் தொட்டிக்குத் தேவையைவிட அதிகம். அதை எப்படி அடக்குவது என்பதுதான் உங்கள் முன் உள்ள வேலை.

வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவே தவிர, பவளத்துக்குப் போய்ச் சேரும் ஒளியின் அளவன்று. குழல்விளக்குக் காலத்தில் லிட்டருக்கு இத்தனை வாட் என்று கணக்கிட்டது ஓரளவு பொருந்தியது. எல்இடி வந்தபின் அந்தக் கணக்கை விட்டுவிடலாம். பவளம் வளர்ப்பவர்கள் இப்போது பார்ப்பது, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதைத்தான். இதைச் சுருக்கமாக 'பார்' என்பார்கள். உச்சி வெயிலில் கடல்மேல் இந்த அளவு 2000-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் காளான் பவளத்துக்கு 30 முதல் 80 வரை போதும், ஜோவாந்தஸுக்கு 50 முதல் 120 வரை. கிளைவிட்டு வளரும் கடினமான சிறுவாய்ப் பவளங்களுக்கு மட்டுமே 200-க்கு மேல் தேவைப்படும்.

உங்கள் விளக்கைக் கணக்கிட்டுப் பாருங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு வினாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோமோல் ஒளி தரும். 30 வாட்டுக்கு ஏறத்தாழ 50 என்று கொள்வோம். உங்கள் தொட்டியின் மேற்பரப்பு 0.06 சதுர மீட்டர்தான். பாதி ஒளி வெளியே சிதறிப் போனாலும், மீதி 25 மைக்ரோமோலை இந்தச் சிறு பரப்பில் கொட்டும்போது 400-ஐத் தாண்டிவிடுகிறது. ஆழமோ 20 செ.மீ.; அந்த ஆழத்தில் நீர் ஒளியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. பெரிய தொட்டியில் அடிமணலில் வைத்தால் கிடைக்கும் நிழல் இங்கே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மிகுந்த ஒளி ஏன் கெடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவளத்தின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவில் பெரும்பங்கைப் பவளம் பெற்றுக்கொள்கிறது. ஒளி அளவுக்கு மிஞ்சும்போது, அந்தப் பாசியால் பயன்படுத்த முடியாத ஆற்றல், திசுவைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியையே வெளியேற்றி வெளுத்துப்போகிறது. இது சில நாட்களில் நடந்துவிடும். ஒளி குறைந்தால் நடப்பதோ மெதுவானது: பவளம் உள்ளே பாசியைப் பெருக்கிக்கொண்டு பழுப்பேறும், ஜோவாந்தஸ் தண்டை நீட்டி விளக்கை நோக்கி எட்டும். அதைப் பார்த்துத் திருத்த உங்களுக்கு வாரக்கணக்கில் நேரம் கிடைக்கும். ஆகவே குறைவிலிருந்து ஏற்றிக்கொண்டு போவதே பாதுகாப்பானது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் தொட்டியும் ஏறத்தாழ இதே அளவுதான். உள்ளங்கையில் பாதி அளவுள்ள பச்சைக் காளான் பவளம் ஒன்றை நடுப்பாறையின் உச்சியில் வைத்து, விளக்கை முழு அளவில் எரியவிட்டேன். நான்காம் நாள் அதன் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு கிண்ணம் போல ஆனது. உணவுக்காக அப்படிக் குவிகிறது என்று நினைத்து மகிழ்ந்தேன். பத்தாம் நாள் நடுவிலிருந்த பச்சை வெளிறி, வாயைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தது. கீழே நிழலுக்கு மாற்றி, விளக்கைக் கால்வாசியாக்கிய பின், அது மீண்டும் தட்டையாக விரிந்து பழைய நிறத்துக்கு வர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

வண்ணத்தைப் பொறுத்தவரை, நன்னீர்ச் செடிகளோடு பழகிய உங்களுக்குச் சிவப்பின்மேல் நம்பிக்கை இருக்கும். கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடுவதால், பவளத்தின் பாசி நீலத்துக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது; அதிலுள்ள குளோரோஃபில் ஏ, சி2, பெரிடினின் ஆகிய நிறமிகள் 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான ஒளியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பவளத்தின் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் நம் கண்ணுக்குத் துலங்குவதும் நீல வெளிச்சத்தில்தான். வெள்ளை, பெரும்பாலும் நம் பார்வைக்காக.

எனவே விளக்கை 25 செ.மீ. உயரத்துக்கு ஏற்றுங்கள். நீலத்தை 30 விழுக்காட்டிலும் வெள்ளையை 5 அல்லது 10 விழுக்காட்டிலும் வைத்து, எட்டு மணி நேரம் எரியவிடுங்கள். பவளம் வந்து நன்றாக விரிந்த பிறகு, வாரத்துக்கு 5 விழுக்காடு என்ற அளவில் ஏற்றலாம். 45-ஐத் தாண்ட வேண்டிய தேவை வராது என்பது என் எண்ணம். எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய வைப்பதால் பவளத்துக்குக் கிடைப்பதைவிடக் கண்ணாடியில் படரும் பாசிக்குக் கிடைப்பதே அதிகம். டைமர் கட்டாயம் வேண்டும். ஒரு நாள் எட்டு மணி, மறுநாள் பதினைந்து மணி என்ற ஒழுங்கின்மையைப் பவளம் பொறுத்துக்கொள்ளாது.

பார் அளக்கும் கருவி எங்காவது இரவல் கிடைத்தால் ஒரு நாள் வாங்கி அளந்துவிடுங்கள். லக்ஸ் அளக்கும் கைப்பேசிச் செயலியை நம்ப வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்வுக்கு ஏற்ற அளவு. அது 555 நானோமீட்டர் பச்சையில் உச்சம் கொண்டது என்பதால், நீல விளக்கை உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஏற்றிக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் மறுமொழி

விளக்கைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இந்த அளவுத் தொட்டிகளில் பவளம் இறந்ததை நான் பார்த்த இடங்களிலெல்லாம், விளக்கைவிட முன்னால் நின்ற காரணம் ஆவியாதல்தான். அதை உங்கள் கேள்வியில் காணவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. உங்களிடம் இருப்பது 9 லிட்டர். மூடியில்லாத தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 200 மில்லி போகிறது என்று கொண்டால், மூன்று நாள் கவனிக்காமல் விட்டதும் 35 பிபிடியாக (ஆயிரத்துக்கு 35 பங்காக) இருந்த உப்பளவு 37.5-ஐத் தொட்டுவிடும். நான்காம் நாள் நினைவு வந்து 600 மில்லி நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றினால், அது சட்டென்று 35-க்கு இறங்கும். ஏற்றத்தைக்கூடப் பவளம் ஓரளவு தாங்கும். இந்தத் திடீர் இறக்கத்தை நத்தையும் இறாலும் தாங்குவதில்லை. 300 லிட்டர் தொட்டியில் இதே 600 மில்லி கணக்கிலேயே வராது.

ஆகவே கண்ணாடியின் பக்கவாட்டில் நீர்மட்டத்தைக் குறிக்க மெல்லிய டேப் ஒன்றை ஒட்டுங்கள். காலையிலும் மாலையிலும் அந்தக் கோடு வரை ஆர்ஓ நன்னீரைச் சிறிது சிறிதாக ஊற்றி நிரப்புங்கள். ஈடு செய்ய ஒருபோதும் உப்புநீரை ஊற்றாதீர்கள். வெளியூர் போகும் வழக்கம் இருந்தால், மிதவையோ ஒளி உணரியோ கொண்டு தானாக நீர் நிரப்பும் கருவி ஒன்றை வாங்குவது, இரண்டாவது விளக்கை வாங்குவதைவிடப் பல மடங்கு பயனுள்ளது. மேலே தெளிவான அக்ரிலிக் தகடு வைத்தாலும் ஆவியாதல் குறையும். ஆனால் காற்று புக ஒரு பக்கம் இடைவெளி விடுங்கள். தகட்டில் படியும் உப்புப் படலத்தை வாரம் இருமுறையாவது துடையுங்கள். துடைக்காத தகடு ஒளியைக் கணிசமாகத் தடுக்கும். பிறகு ஒரு நாள் துடைத்ததும் பவளத்தின்மேல் திடீரென வெளிச்சம் கூடிவிடும்.

உப்பளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதை வெறும் நன்னீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்வதைவிட, உப்பளவு முன்பே தெரிந்த 35 பிபிடி அளவுத்திரவத்தில் சரிசெய்வது மேல். நாம் பார்க்கப்போகும் இடம் 35 என்பதால் பிழையும் அங்கேதான் குறைய வேண்டும். கண்ணை வைத்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடிக்கு அடியில் காற்றுக் குமிழி இருக்கலாம்.

வெப்பம் 25 அல்லது 26 டிகிரியில் நிற்கட்டும். 30-க்கு மேல் நீடித்தால் வெளிச்சம் சரியாக இருந்தும் பவளம் வெளுக்கும். வெப்பமும் மிகுந்த ஒளியும் சேர்ந்தால் இன்னும் விரைவில். நீர்ப்பரப்பை நோக்கிச் சிறிய மின்விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாதல் கூடும் என்பதால் நிரப்ப வேண்டிய நீரும் கூடும். ஹீட்டரின் உள்தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் போவது அரிதன்று; 9 லிட்டர் நீரை 25 வாட் ஹீட்டர் ஒரே இரவில் கெடுத்துவிடும். தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இணையுங்கள்.

வாரந்தோறும் இரண்டு லிட்டர் நீரை மாற்றுங்கள். புது நீரை முந்தைய நாளே கலக்கி, உப்பளவும் வெப்பமும் தொட்டிக்கு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்குத் தேவையில்லை. கால்சியமோ காரத்தன்மையோ தனியாகச் சேர்க்க வேண்டிய நிலையும் மென்பவளங்களோடு வராது, நீர்மாற்றமே போதும்.

கோமாளி மீன் வேண்டாம். கடையில் பார்க்கும்போது அது சிறியதாக இருக்கும். வளர்ந்தால் எட்டு ஒன்பது செ.மீ. ஆகும், அதன் கழிவை 9 லிட்டர் நீர் தாங்காது. அசைவு வேண்டுமென்றால் வாலைத் தூக்கி ஆடும் சிறிய இறால் இனம் ஒன்றும், இரண்டு நத்தைகளும், ஒரு துறவி நண்டும் போதும். அவற்றையும் நைட்ரைட் முற்றிலும் மறைந்து இரண்டு வாரம் கழித்துச் சேருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோமாளி மீன் எண்ணத்தை விட்டுவிட்டேன். விளக்கை 25 செ.மீ.க்கு ஏற்றி, நீலம் 30, வெள்ளை 5 என்று குறைத்து எட்டு மணி நேர டைமரில் வைத்திருக்கிறேன். டேப் ஒட்டியதும்தான் ஒரு நாளில் எவ்வளவு நீர் குறைகிறது என்று கண்ணால் பார்த்தேன்; கோட்டுக்கும் நீருக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர். உப்பளவைப் பார்த்தபோது 38 இருந்தது. இரண்டு நாட்களில் மெதுவாக 35-க்குக் கொண்டுவந்தேன்.

இந்தப் பத்து நாட்களில் நைட்ரைட் மறைந்துவிட்டது. ஆனால் மணலின் மேலும் பாறையின் மேலும் பழுப்புநிறத் தூள் படிந்ததுபோல ஒரு படலம் பரவியிருக்கிறது. விரலால் தொட்டால் தூசியாகக் கரைந்து எழுகிறது. விளக்கை முழுவதும் அணைத்துவிட வேண்டுமா? முதல் பவளத்தை இன்னும் தள்ளிப்போட வேண்டுமா?

மூன்றாம் மறுமொழி

நீங்கள் சொல்வது டயாட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டியில் இது வராவிட்டால்தான் வியப்பு. உலர் பாறையிலிருந்தும் மணலிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கும் சிலிக்கேட்டை வைத்து இது ஓடு கட்டிக்கொள்கிறது. சிலிக்கேட் தீர்ந்ததும் தானே குறையும். ஆர்ஓ நீர் மட்டும் போதுமானதன்று. ஆர்ஓவுக்குப் பின், மிச்சமுள்ள அயனிகளை நீக்கும் டிஐ வடிப்பான் வழியாகவும் வந்து, கரைந்த பொருட்களை அளக்கும் டிடிஎஸ் கருவியில் பூஜ்யம் காட்டும் நீரையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நீங்கள் நாள்தோறும் நிரப்பும் நீரே டயாட்டத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கும். சளி போன்ற நூலிழைகளும் அவற்றில் காற்றுக் குமிழிகளும் தெரிந்து, இரவில் மறைந்து பகலில் திரும்பினால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் வேறொரு நுண்ணுயிராக இருக்கலாம். அப்போது மீண்டும் எழுதுங்கள். தூசியாகக் கரைவது டயாட்டத்தின் அடையாளம்.

முதல் மறுமொழியில் உள்ள ஓர் இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். பவளம் இல்லாத தொட்டிக்கு எட்டு மணி நேர வெளிச்சம் எதற்கு? அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையே இல்லை. முதல் மாதம் முழுவதும் விளக்கை எரியவிடாமல், வேலை செய்யும்போது பார்க்க மட்டும் போட்டிருந்தால் இந்தப் படலம் இவ்வளவு தடிமனாக வந்திருக்காது. இப்போதும் பவளம் வரும்வரை நான்கு மணி நேரம் போதும். நத்தைகளை மட்டும், இரண்டாம் மறுமொழி சொன்ன இரண்டு வாரம் காத்திராமல், இப்போதே சேர்க்கலாம். அவற்றுக்கு மேய உணவு தயாராக இருக்கிறது.

நீரோட்டத்தையும் பாருங்கள். தொங்கும் ஃபில்டர் மணிக்கு 150 முதல் 200 லிட்டர் தள்ளினால் போதும். ஆனால் அது ஒரே திசையில் விழுவதால் எதிர்மூலையில் கசடு தேங்கும். பாறையைப் பின்கண்ணாடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தால் நீர் சுற்றிவர வழி கிடைக்கும்.

முதல் மறுமொழியாளரின் பதில்

பவளம் வரும்வரை நான்கு மணி நேரம் போதும் என்பது சரி. பவளம் வருவதற்கு முன்பே எட்டு மணி நேரம் எரியவிடச் சொன்னது என் பிழை.

பவளத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நத்தைகள் இரண்டு வாரம் நலமாக இருந்தால் ஒரு காளான் பவளமும், ஐந்தாறு வாய்கள் கொண்ட ஜோவாந்தஸ் துண்டு ஒன்றும் வாங்கலாம். கடலிலிருந்து பெயர்த்தவற்றைத் தவிர்த்து, தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளையே கேட்டு வாங்குங்கள். கடினப் பவளங்கள் அனைத்தும், அழிவாபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. பல நாடுகளில் உள்நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையானது. உங்கள் நாட்டுச் சட்டம் எவற்றை அனுமதிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இது பவளப்பாறைக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை என்றே கருதுகிறேன்.

ஜோவாந்தஸைக் கையுறையும் கண்ணாடியும் அணியாமல் தொடாதீர்கள். அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அவை ஒட்டியுள்ள பாறையை வெந்நீரில் போடுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குச் சென்றவர்கள் உண்டு.

விளக்கு, ஹீட்டர், பம்பு ஆகியவற்றின் கம்பிகள் சுவிட்சுக்குச் செல்லும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். கம்பி வழியே இறங்கும் உப்புநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. மின்கசிவு ஏற்பட்டதும் துண்டிக்கும் பிரேக்கரும் இருக்க வேண்டும்.

பவளம் வந்த நாளில் விளக்கின் நீலம் 25 விழுக்காடு, ஆறு மணி நேரம். இரண்டு துண்டுகளையும் பசை போடாமல், மணல்மேல் ஓரமாக வையுங்கள். காளான் பவளம் அங்கேயே இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து ஜோவாந்தஸைப் பாருங்கள்: வாய்கள் விரிந்து தண்டு குட்டையாக இருந்தால் அதே இடம் போதும், தண்டு நீண்டு எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் பாறையின் நடுப்படிக்கு ஏற்றுங்கள், அன்றைக்கு விளக்கின் அளவைத் தொடாதீர்கள். இடம், அளவு இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஒரு வாரம் பொறுத்திருந்தால்தான் எது எதனால் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். இடம் உறுதியான பிறகு, சூப்பர்குளூ ஜெல்லில் ஒரு துளி வைத்து ஒட்டிவிடலாம்.